நான் அழித்த மஞ்சள் கோடு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். விமானம் ஓட்டுகிறவர்கள் தரையில் ஏன் வழி தவறித் திரும்பிவிடுகிறார்கள் என்பதைப் பற்றி இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுத எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. தாராவியில் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவன். இருபது வருஷத்துக்கு மேல் விமானங்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்திருக்கிறேன். இதுவரை ஒன்றில்கூட ஏறியதில்லை. நாலு பேர் கூடின இடத்தில் ஏதாவது பேசச் சொன்னால், தண்ணீர் குடிக்கிற சாக்கில் நழுவிவிடுகிற ஆள். காகிதம் யாரையும் முறைத்துப் பார்ப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இந்தத் தொடரையே எழுதிக்கொண்டு வருகிறேன்.

என் வேலை கோடு போடுவது. விமானங்கள் ரன்வேக்குப் போகிற, வருகிற பாதையின் நடுவில் மஞ்சளாக ஒரு கோடு ஓடும். அதைப் போடுகிற ஆட்களில் நானும் ஒருவன். எந்த விமான நிலையம் என்று எழுத வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். நான் வாசித்துக் காட்டுவேன். அவள் கேட்டுவிட்டு, பக்கங்களைப் போனில் படம் பிடித்துப் பத்திரிகைக்கு அனுப்புவாள். அதனால் அவள் பேச்சைத் தட்ட முடியாது. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

கூடைக்குள் நின்றபோது

ஒரு மழைக்காலக் காலை. மணி ஏழரை இருக்கும். தரையிலிருந்து ஒரு மாடிக்கு மேலான உயரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

ஆள் நிற்கிற இரும்புக் கூடையை மேலே தூக்கிக்கொண்டு போகும் வண்டி ஒன்று உண்டு. நாங்கள் கூடை வண்டி என்போம். அன்றைக்கு ஒரு விளக்குக் கம்பத்துக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடிக்கிற வேலை. பாதி அடித்திருப்பேன், மழை பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷம் கொட்டிவிட்டு நின்றது. கிழக்கே மேகம் விலகி, தாழ்வான வெயில் நேராக முகத்தில் அடித்தது.

தலையைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தேன். ஈரத் தரையில் ஒரு கோடு தெரிந்தது. நேராக வந்து இடது பக்கம் அழகாக வளைந்து போகிற கோடு. புதுச் சேலையின் ஜரிகை மாதிரி மின்னியது.

அங்கே கோடு இருக்கக் கூடாது. அதை அழித்தவன் நான்.

கையிலிருந்த பிரஷ் நழுவப் பார்த்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். விமானம் நடமாடும் இடத்தில் பிரஷ் கீழே கிடந்தால் எஞ்சின் உறிஞ்சிவிடும். அதனால் உள்ளே போகும்போது எண்ணிக் கொடுப்பார்கள், வெளியே வரும்போது எண்ணி வாங்குவார்கள். அந்த நேரத்தில்கூட எனக்குப் பிரஷ் நினைப்புதான் முதலில் வந்தது.

ஐந்து நாளைக்கு முன்னால், இதே மாதிரி மழை விட்ட ஒரு காலையில், இதே இடத்தில் ஒரு விமானம் தப்பாக இடது பக்கம் திரும்பியிருந்தது. ஓட்டிய கேப்டனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ‘கோட்டைப் பார்த்துத்தான் திரும்பினேன்’ என்று கேப்டன் சொன்னதாகவும், இல்லாத கோட்டை எப்படிப் பார்த்தாய் என்று அதிகாரிகள் கேட்டதாகவும் எங்கள் ஆட்கள் மத்தியில் பேச்சு. எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

சந்துக்குள் கட்டில்

வானத்தில் போகிற விமானத்தை அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு, தரையில் அது படுகிற பாடு தெரியாது. தாராவியில் வீடு மாறும்போது இரும்புக் கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு சந்துக்குள் நுழைகிற ஆளைப் பார்த்திருப்பீர்கள். கட்டிலின் பின்கால் எங்கே இடிக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் தெரியாது. தப்பான சந்தில் நுழைந்துவிட்டால் திரும்ப இடம் இருக்காது. விமானம் தரையில் போவது ஏறக்குறைய அப்படித்தான்.

பைலட் உட்காருகிற இடத்துக்குப் பின்னால்தான் முன்சக்கரமே இருக்கிறது. அது அவர் கண்ணுக்குத் தெரியாது. பெரிய விமானமாக இருந்தால் தன் இறக்கையின் நுனியும் தெரியாது. அதற்காகத்தான் கோடு. கோட்டின் மேல் முன்சக்கரம் உருண்டு போனால் இறக்கை எதிலும் இடிக்காது என்று அளந்து போட்டிருக்கும். அவர் கோட்டை நம்புகிறார். வேறு வழி இல்லை.

பாதைகளுக்கு நம் தெருக்கள் மாதிரிப் பெயர் கிடையாது. இங்கிலீஷ் எழுத்துதான். இந்த எழுத்தில் போ, அந்த எழுத்தில் திரும்பு, அங்கே நில் என்று ரேடியோவில் மளமளவென்று சொல்வார்கள். கேட்டதைத் திருப்பி ஒப்பிக்க வேண்டும். அதே நேரத்தில் இரண்டு பைலட்டும் ஒரு பெரிய பட்டியலை ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்த்தபடி வருவார்கள். பின்னால் ஒரு கல்யாண மண்டபம் நிறைகிற கூட்டம் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். தப்பாகத் திரும்பிவிட்டால் கார் மாதிரிப் பின்னால் எடுக்க முடியாது. இழுவை வண்டி வரும்வரை அத்தனை பேரோடும் அங்கேயே நிற்க வேண்டும்.

விமானங்களுக்கு முன்னால் போய் வழி காட்டுகிற ஜீப் டிரைவர்களோடு நிறைய டீ குடித்திருக்கிறேன். அவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள். ஊருக்குப் புதுசாக வருகிற பைலட் சந்தேகம் வந்தால் நின்று கேட்டுவிடுவார். தினமும் வந்து போகிறவர் கேட்க மாட்டார். பாதையை மாற்றியிருந்தால் அவர்தான் பழைய பக்கம் திரும்புவார்.

இது எனக்குப் புரியாத விஷயமும் இல்லை. என் செருப்பே சாட்சி.

செருப்பைக் கழற்றிய கதை

தாராவி வீட்டை விட்டுச் செம்பூருக்குக் குடிபோனதைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். எழுத வெட்கப்பட்டு ஒன்றை விட்டுவிட்டேன். குடிபோய் இரண்டு மாசம் ஆன பிறகு ஒரு நாள், வேலை முடிந்து, ஏதோ யோசனையில் சயான் பக்கம் இறங்கி, நடந்து, பழைய சந்துக்குள் நுழைந்து, பழைய வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டேன். திரையை விலக்கித் தலையை உள்ளே விட்ட பிறகுதான் தெரிந்தது, உள்ளே வேறு ஒரு குடும்பம் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அந்தம்மா பயப்படவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அதை வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

விமானம் தப்பாகத் திரும்பிய வியாழக்கிழமை, வீட்டுக்குப் போனதும் என் மனைவி நூர்ஜஹானிடம் அதை ஒரு பெரிய வேடிக்கையாகச் சொன்னேன். பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிற பொம்பளையாம், வழி தெரியவில்லையாம் என்று. அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“அடுத்தவன் வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டுன ஆளு பேசுற பேச்சா இது?” என்றாள்.

அன்றைக்கு அதற்கும் சிரித்தேன்.

ஒரு கை, இரண்டு கை

அழித்த கோடு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

அந்தப் பாதையில் பல வருஷமாக ஒரு இடது திருப்பம் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் தரையைத் தோண்டி வேலை நடக்கப் போவதால் அதை மூடிவிட்டு, நூறடி தள்ளிப் புதுத் திருப்பம் போட்டார்கள். புதுக் கோடு போட்டதும் நாங்கள்தான், பழைய கோட்டை அழித்ததும் நாங்கள்தான்.

கோட்டை அழிப்பதற்கு முறையான வழி, சுரண்டும் மிஷினை வைத்துத் தார் தெரிகிறவரை சுரண்டுவது. மிஷின் வேறு ஊர் வேலைக்குப் போயிருந்தது. அது வரும்வரைக்கும் கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்து வையுங்கள் என்று உத்தரவு வந்தது. எங்கள் மேஸ்திரி செல்வராஜ் அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர். எனக்கு வேலை கற்றுத்தந்தவர் இல்லை, ஒன்றாக வேலைக்குச் சேர்ந்து எனக்கு முன்னால் மேலே போனவர். அவர் என்னிடம், ஒரு கை அடித்தால் போதும், எப்படியும் சுரண்டத்தானே போகிறோம் என்றார்.

பெயின்ட் வேலையில் ஒரு தடவை பூசுவதை இந்திக்காரர்கள் ‘ஏக் ஹாத்’ என்பார்கள். நாங்களும் ஒரு கை, இரண்டு கை என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

ஒரு கை அடித்தேன். ஓரத்தில் மஞ்சள் லேசாகப் பிசிறு தட்டியது. எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. தாராவியில் தோல் பை தைக்கிறவர்கூட, யாரும் பார்க்காத உள்பக்கத்து நூலை இரண்டு தடவை முடிச்சுப் போடுவார். யாரும் கேட்காமல் இன்னொரு கை அடித்தேன். உருளையை ஒரே சீராக, வளைவு மாறாமல் ஓட்டினேன். தரையின் சொரசொரப்பெல்லாம் மூடி வழவழவென்று ஆகிவிட்டது. தூரத்தில் நின்று பார்த்தபோது தார் எது, பெயின்ட் எது என்று தெரியவில்லை. மனசுக்கு நிறைவாக இருந்தது.

அந்த வழவழப்புதான் ஈரத்திலும் எதிர்வெயிலிலும் ஜரிகையாக மின்னியது. அரைகுறையாக அடித்திருந்தால் அவ்வளவு மின்னியிருக்காது.

அண்ணாச்சி ஏறினார்

கூடையை இறக்கச் சொல்லி, அண்ணாச்சியிடம் ஓடினேன். அழித்த கோடு தெரிகிறது என்றேன்.

“ஏல மைதீனு, காலங்காத்தால என்னத்த ஒளறுத?”

“மேல போய்ப் பாருங்க அண்ணாச்சி. காஞ்சிட்டுன்னா தெரியாது.”

அவருக்கு முட்டி வலி. கூடையில் ஏறுவதே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறினார். மேலே போய் வெகுநேரம் நின்றார். இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றி, உள்ளே ஏதோ இருக்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு கைதானல அடிக்கச் சொன்னேன்?”

“ரெண்டு கை அடிச்சேன்.”

“எவன் சொன்னான்?”

“யாரும் சொல்லல. ஓரம் பிசிறா இருந்துச்சு.”

“ஒன் சுத்தத்துல தீய வைக்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார்.

அன்றைக்கு ஒன்பது மணிக்கு விசாரணை அதிகாரி அந்த இடத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அண்ணாச்சி கணக்குப் போட்டுச் சொன்னார். ஒன்பது மணிக்குள் தரை காய்ந்துவிடும். காய்ந்தால் ஒன்றும் தெரியாது. நான் வாயைத் திறந்தால் என் பாஸ் போய்விடும், அவருடைய பாஸும் போகலாம். உள்ளே நுழைகிற பாஸ் போனால் எங்களுக்கு வேலை இல்லை. அந்த வயதில் இரண்டு பேரும் எங்கே போய் நிற்பது? வாயைத் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை.

இரண்டு பேரும் அந்த வளைவையே பார்த்தோம். வெயில் ஏற ஏற அது மங்கிக்கொண்டே வந்தது.

“அந்தம்மா அஞ்சு நாளா வீட்ல உக்காந்திருக்காங்க, அண்ணாச்சி” என்றேன்.

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். “நீ சொல்லுதியா, நான் சொல்லட்டுமா?”

“அடிச்சது நான். நானே சொல்லுதேன்.”

“நீயா? கேன்டீன்ல இன்னொரு கரண்டி சாம்பார் கேக்கதுக்கே என்னைய அனுப்புத ஆளு.”

கையைத் தூக்கினேன்

ஒன்பது மணிக்கு வந்தார்கள். விசாரணை அதிகாரி குடையும் கையுமாக. விமானக் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர். அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி, சல்வார் கமீஸில் ஒரு பெண். முப்பத்தைந்து, நாற்பது வயது இருக்கும். அவர்தான் கேப்டன் என்று அண்ணாச்சி காதில் சொன்னார். கௌரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி இருந்தது.

தரை காய்ந்து கிடந்தது. கோடு இல்லை. அதிகாரி அந்தத் திருப்பத்தின் போட்டோவைக் காட்டி, எந்த இடத்தில் கோட்டைப் பார்த்தீர்கள் என்று கேட்டார். கௌரி மேடம் போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் தூக்குவோமே, அப்படி. யாரும் கவனிக்கவில்லை. கை வலிக்க ஆரம்பித்தது. அப்புறம் அண்ணாச்சி தன்னுடைய உரத்த இந்தியில், இந்த ஆளுக்கு ஏதோ சொல்ல வேண்டுமாம் என்றார். எல்லாரும் திரும்பினார்கள்.

பம்பாயில் பிறந்து வளர்ந்தவனுக்கு இந்திக்குப் பஞ்சமில்லை. ஆனாலும், மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்த மூன்று வாக்கியங்களைச் சொன்னேன். கோடு இருக்கிறது சாப். அதை நான் கறுப்படித்து மறைத்தேன். ஈரத்தில் காலை வெயில் பட்டால் அந்தக் கறுப்பு பளபளக்கிறது.

கம்பெனிக்காரர் ஒருவர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. குனிந்து, அந்த இடத்தை விரலால் தடவினார். பக்கத்துத் தாரையும் தடவினார். எத்தனை கை என்று கேட்டார். இரண்டு என்றேன். உத்தரவு எத்தனை? ஒன்று. இரண்டாவது யார் சொல்லி? யாரும் சொல்லவில்லை. பிறகு ஏன்? சுத்தமாக இருக்கட்டும் என்று, சாப்.

அவர் நோட்டில் நிறைய நேரம் எழுதினார். பிறகு என் பாஸைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். நாளைக் காலை ஏழரைக்கு ஒரு தண்ணீர் டாங்கரும் கூடை வண்டியும் இங்கே இருக்க வேண்டும், நீயும் காவலோடு வந்து நிற்க வேண்டும் என்றார். கௌரி மேடம் என்னை ஒரு தடவை பார்த்தார். என்ன பார்வை என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஒரே ஒரு கேள்வி

கழுத்தில் பாஸ் இல்லாமல் மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். கழுத்து லேசாக இருந்தது. அந்த லேசு எனக்குப் பிடிக்கவில்லை.

நூர்ஜஹான் முழுவதையும் கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். தட்டை எடுத்து வைத்தாள்.

“சொல்லிட்டீங்கள்ல? அப்பச் சாப்பிடுங்க” என்றாள். நான் பாதி சாப்பிட்டபோது, “என்னங்க, நாளைக்கு வெயில் வருமா?” என்று கேட்டாள்.

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. தண்ணீரை டாங்கர் ஊற்றும். வெயிலை யார் ஊற்றுவது? வெயில் இல்லாவிட்டால் கோடு மின்னாது. அந்தம்மாவும் பொய்க்காரி, நானும் பொய்க்காரன், அண்ணாச்சி எங்கள் இரண்டு பேருக்கும் சாட்சி.

மகளைப் போனில் பார்க்கச் சொன்னேன். “வாப்பா, நாளைக்கு ஃபுல் டே மழைன்னு போட்டிருக்கு” என்றாள்.

மேகம்

மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு ஜன்னலைத் திறந்தேன். அழுக்குத் துணி மாதிரி வானம். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் கிழக்கையே பார்த்துக்கொண்டு போனேன்.

ஏழரைக்கு டாங்கர் தண்ணீரை ஊற்றியது. முதலில் அதிகாரியும் நானும் கூடையில் ஏறினோம். கீழே ஈரமான கறுப்புத் தரை. நூறடி தள்ளி நான் போட்ட புது மஞ்சள் கோடு நன்றாகத் தெரிந்தது. பழைய கோட்டின் அடையாளமே இல்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம் நின்றோம். இறங்கச் சொன்னார். கீழே அண்ணாச்சி, மேகத்தைப் பார்த்து வாய்க்குள் என்னவோ முனகிக்கொண்டிருந்தார். பிரார்த்தனை மாதிரித் தெரியவில்லை.

அதிகாரி நோட்டை மூடும்போது, தானும் ஒரு தடவை ஏறிப் பார்க்கலாமா என்று கௌரி மேடம் கேட்டார். அதிகாரி தலையாட்டினார்.

மேடம் பெல்ட்டை மாட்டிக்கொண்டு என்னோடு ஏறினார். கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம், வேண்டாம், ஒரு முழம் கீழே என்று சொல்லி, விமானத்தில் தான் உட்காருகிற உயரத்துக்குக் கூடையைக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். நான் அண்ணாச்சிக்குக் குரல் கொடுத்ததைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க தமிழா? எந்த ஊர்?”

“தாராவி, மேடம்.”

“நான் மாட்டுங்கா” என்றார். “ரயில் லைனுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்.”

டாங்கர் இன்னொரு தடவை தண்ணீர் விட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்து மூடினேன். அப்போது கிழக்கே மேகம் விலகியது. ஒரு கை அகலத்துக்குத்தான். வெயில் தரையோடு தரையாக ஓடி வந்தது.

கோடு எழுந்தது. நேராக வந்து, இடது பக்கம் வளைந்து, தோண்டிப்போட்ட பள்ளத்தின் தடுப்பு வரைக்கும் ஜரிகை ஓடியது.

கௌரி மேடம் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“இருக்கு” என்றார். சத்தமே வரவில்லை. மறுபடியும், “இருக்கு. எனக்குத் தெரியறது. உங்களுக்கும் தெரியறதா?”

“தெரியுது மேடம்.”

“கண் டாக்டர்கிட்டகூடப் போயிட்டு வந்தேன். கண்ணு சரியாத்தான் இருக்குன்னா. அப்போ எனக்கு மூளைதான் ஏதோ ஆயிடுத்துன்னு நெனச்சுண்டேன்.”

நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“நிஜக் கோடு எங்க இருக்கு? காட்டுங்கோ பாப்போம்” என்றார்.

கையை நீட்டினேன். நீட்டிய இடத்தில் கோடு இல்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். தரை முழுக்க வெள்ளை வெயில். அளந்து, கயிறு பிடித்து, நானே போட்ட புதுக் கோடு. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் பளிச்சென்று இருந்த கோடு. போட்டவனுக்கே தெரியவில்லை. அழித்தது மட்டும் தெரிந்தது.

“தெரியல மேடம்” என்றேன்.

“ரெண்டாவது கோட்டிங் ஏன் அடிச்சேள்?”

“பாக்க நல்லா இருக்கட்டும்னு.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வர, கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். “நன்னாத்தான் இருக்கு” என்றார். கீழே நின்றவர்கள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அண்ணாந்து பார்த்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு நாளைக்கு முன்னால் சிரித்த சிரிப்பு இல்லை இது.

சீக்கிரம் இறக்கச் சொன்னோம். அதிகாரி ஏறி, மேகம் மூடுவதற்குள் நிறையப் படம் எடுத்தார். அவர் இறங்கும்போது மழை விழுந்தது.

பாஸ்

பதினோரு மணிக்கு என்னையும் அண்ணாச்சியையும் அறைக்குக் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். இனிமேல் கோட்டைப் பெயின்ட் அடித்து மறைக்கக் கூடாது, மிஷின் வராமல் திருப்பத்தை மாற்றவும் கூடாது என்று உத்தரவு போடப் போவதாக அதிகாரி சொன்னார். கடைசியில் பையைத் திறந்து என் பாஸை எடுத்து மேஜையில் வைத்தார். மராட்டிக்காரர், அதிகம் பேசாதவர். வெளியே போகிற என்னைக் கூப்பிட்டு, ஒரு கை என்றால் ஒரு கை, புரிந்ததா என்றார். புரிந்தது, சாப் என்றேன்.

பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். அண்ணாச்சி பக்கத்தில் வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

“அந்தம்மா திரும்ப ஓட்டப் போறாங்களாம். இப்பத்தான் சொன்னாங்க” என்றார். பிறகு, “என்னல, பசிக்கலையா? வா. இன்னைக்கு சாம்பார் நீயே கேட்டு வாங்குத” என்றார்.

கேட்டேன். கேன்டீனில் பரிமாறுகிறவர் ஒன்றும் சொல்லாமல் ஊற்றினார். இத்தனை வருஷம் எதற்குப் பயந்தேன் என்று தெரியவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நூர்ஜஹான் போன் செய்தாள். பாஸைப் பற்றிக் கேட்கவில்லை. “வெயில் வந்துச்சா?” என்று மட்டும் கேட்டாள்.

“வந்துச்சு” என்றேன்.

மறுநாள் சுரண்டும் மிஷின் வந்தது. சாயங்காலம் நாலு மணி வரை அந்த வளைவைச் சுரண்டினோம். எண்ணிக் கொடுத்த பிரஷ் எல்லாம் சரியாக இருந்தது. நல்ல மழை. செம்பூர் பஸ் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தது.